துப்பாக்கிக்கு உள்ள இடம் தெளிப்பானுக்கு இல்லையா?

யோசெமிட்டி தேசியப் பூங்காவின் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினையும் அதன் இனப் பொருள்களையும் 1 முதல் 2 விழுக்காடு வரை கொண்டு, பாய்ந்து வரும் கரடியின் கண்ணையும் மூக்கையும் எரியச் செய்து சற்று நேரம் நிலைகுலைய வைக்கும் கரடித் தெளிப்பானை, நடைப்பயணிகள் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என எல்லோஸ்டோன் பூங்கா அறிவுறுத்துகிறது; அதே தேசியப் பூங்காச் சேவையின் கீழுள்ள யோசெமிட்டியிலோ அதை உடன் வைத்திருப்பதே விதிமீறல்.

இரு காடுகளும் ஒன்றல்ல என்பதை மறுப்பதற்கில்லை. கிரிஸ்லி எனப்படும் பெரும் பழுப்புக்கரடி கலிஃபோர்னியாவில் 1920களிலேயே அற்றுப்போய்விட, யோசெமிட்டியில் இன்று திரிவது கருங்கரடி மட்டுமே; அது பெரும்பாலும் ஆளைத் தேடி வருவதில்லை, உணவைத் தேடியே வருகிறது. காருக்குள் மறந்து வைத்த ஒரு தின்பண்டப் பொட்டலத்துக்காகக் கதவையே வளைத்துப் பிய்க்கும் விலங்கு அது என்பதால், உணவை இரும்புப் பெட்டியிலோ கரடியால் திறக்க இயலாத உருளைக் கலத்திலோ வைக்கச் சொல்லும் விதிதான் இங்கு முதற்காப்பு. நெரிசலான முகாமில் தெளிப்பான் தவறுதலாகப் பீறிட்டால் பக்கத்துக் கூடாரத்துக் குழந்தையும் மூச்சுத் திணறும். கொசு மருந்தென எண்ணி அதைக் கூடாரத்தின்மேல் அடித்துக்கொள்வோரும் உண்டு (அவ்வாறு படிந்த எச்சம் கரடியை ஈர்க்கவும் கூடும்).

ஆயினும், 2010 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டத்தால், மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கியோடு இப்பூங்காவுக்குள் நுழைய வழியிருக்கிறது, சுடுவதற்குத்தான் தடை. உயிரைப் பறிக்கும் கருவியை அனுமதித்து, எரிச்சலோடு விட்டுவிடும் கருவியை ஆயுதமென விலக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நெரிசல் மட்டும் போதிய காரணமாகாது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை தெளிப்பான் பயன்பட்ட 83 நிகழ்வுகளை ஆராய்ந்து டாம் ஸ்மித் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கரடியை மிக அருகில் எதிர்கொண்டபோது தெளிப்பான் வைத்திருந்தோரில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியிருந்தனர். கருங்கரடியின் வேண்டாத நடத்தையை அது பத்தில் ஒன்பது முறை நிறுத்தியது.

எனவே, பூங்காவுக்கே உரிய விதிகளை அறிவிக்கும் கண்காணிப்பாளர் ஆணைத் தொகுப்பின் அடுத்த திருத்தத்தில், முகாம்களிலும் கடைத்தெருவிலும் தடையைத் தொடரச் செய்து, காட்டில் இரவு தங்குவதற்கான அனுமதிச் சீட்டு பெற்றோருக்கு மட்டும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பதிவு எண் பொறித்த தெளிப்பானை அனுமதிப்பது பொருந்தும். சீட்டு வழங்கும் மேசையிலேயே பாதுகாப்பு ஊக்கை எப்போது கழற்றுவது, காற்றின் திசையை எவ்வாறு பார்ப்பது என்பதைச் சொல்லிக்கொடுக்கலாம். அதுவும் இயலாதெனில், தடைக்கான காரணத்தையேனும் விதியின் அருகில் விளக்கமாக அச்சிட வேண்டுகிறது இம்மடல்.