மூணாறு வேனில் ஏறும் முன்

தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் காலனிகளிலிருந்து சுற்றுலா வேன்கள் கிளம்புகின்றன. பல ஊர்களில், வருடம் முழுக்க விடியற்காலையில் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் அதே வேன்தான். முன்பெல்லாம் இருக்கன்குடி, திருச்செந்தூர், மிஞ்சினால் குற்றாலம். இப்போது கொடைக்கானல், தேக்கடி, மூணாறு என்று மலையேறத் தொடங்கியிருக்கிறோம். குழாய் உருட்டியும் சரம் பின்னியும் சம்பாதித்த பெண்கள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணமும், கைக்கு வந்த போனஸில் ஒரு பகுதியும் சேர்ந்து வேன் வாடகையாகிறது.

இதற்கு இரண்டு பக்கமிருந்தும் முணுமுணுப்பு வருகிறது. "அட்வான்ஸ் வாங்கித் தின்னுட்டு டூர் போறாங்க" என்பது ஒரு பக்கம். அதைச் சொல்பவர் யார், அவர் வீட்டுப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு எங்கே போகிறார்கள் என்று நமக்குத் தெரியும், விட்டுவிடலாம். நம்மை யோசிக்க வைப்பது இன்னொரு பக்கம். நம்மோடு களத்தில் நிற்கும் தம்பி தங்கைகள் சிலரே, "அந்தக் காசைப் பிள்ளைகள் படிப்புக்குப் போட்டிருக்கலாமே, இது நுகர்வு மோகம் இல்லையா?" என்று கேட்கிறார்கள். அக்கறையில் கேட்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனாலும் இந்தக் கேள்வியை நாங்கள் ஏற்கவில்லை. ஏழையின் செலவை மட்டும் கணக்குப் பார்க்கும் பழக்கம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 43-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். எல்லாத் தொழிலாளர்களுக்கும் வாழ்க்கைக்குப் போதுமான கூலி மட்டுமல்லாமல், ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையும் சமூக, பண்பாட்டு வாய்ப்புகளும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது அது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது கையிலெடுத்த வேலைகளில் ஒன்று, ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதை விரிவாக வகுத்தது. ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அடுத்த ஆண்டு விடுப்பு என்றிருந்தது அந்தச் சட்டத்தில். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் நம் பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எத்தனை உருட்டினாயோ அத்தனைக்குத்தான் காசு. மழை பெய்தால் காசில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காசில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோதும் காசில்லை. கையில் காசு இருந்து, மனதில் பயமில்லாமல் வருவதுதான் விடுமுறை. அப்படி ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் மூன்று நாள் கிடைத்தால், அதை எப்படிக் கழிக்க வேண்டும் என்று வகுப்பெடுக்க நாம் யார்?

ஆகவே போங்கள். போகும் இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசலாம்.

மூணாறு போகும் நம் வேன்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்குப் போகும். போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். காலை நேரமென்றால் ஆட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் நம் வேனை முந்திப் போகும். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினக்கூலிக்குப் போகும் பெண்கள் அவற்றில் இருப்பார்கள். நம் ஊர் ஆலை வேன் மாதிரியேதான் இருக்கும்.

மூணாறில் பெரும்பாலோர் பார்க்க விரும்புவது இரவிகுளம் தேசியப் பூங்கா. ஐந்தாம் மைலில் சீட்டு வாங்கினால் வனத்துறை பஸ்ஸில் ராஜமலைக்கு ஏற்றிப் போவார்கள். அங்கே வரையாடுகள் மனிதருக்குப் பயப்படாமல் பாதையோரம் மேய்ந்துகொண்டிருக்கும். நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கை நம் பிள்ளைகள் கேரளத்தில் போய்ப் பக்கத்தில் பார்ப்பது ஒரு வேடிக்கை. மேலே 2,695 மீட்டர் உயர ஆனைமுடி. 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூக்கும். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030.

அந்தப் பஸ்ஸில் வரையாடு பற்றியும் குறிஞ்சி பற்றியும் கேட்கலாம். மலை யாருடைய உழைப்பில் இப்படி ஆனது என்பதைக் கேட்க முடியாது. 1877-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு தேயிலை வந்தது. காட்டை அழிக்கவும் செடி நடவும் கொழுந்து பறிக்கவும் கங்காணிகள் ஆள் பிடித்தது நம் தென்மாவட்டங்களில். வறட்சியும் கடனும் பண்ணையார் கொடுமையும் துரத்த, மலையேறியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தேயிலை ஏறாத உயரத்துப் புல்வெளியைத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்கென்று வைத்துக்கொண்டார்கள். 1971-ல் கேரள அரசு சட்டமியற்றி நிலத்தை எடுத்தது. அந்த வேட்டைக்காடு 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கெல்லாம் முன்பே அங்கே வாழ்ந்த முதுவர்களின் குடி ஒன்று இன்றும் பூங்காவுக்குள் இருக்கிறது. தேயிலை பாக்கெட்டில் நாம் படிக்கும் 'கண்ணன் தேவன்' என்ற பெயரே மலைவாசிகள் இருவரின் பெயர் என்றுதான் சொல்கிறார்கள்.

ராஜமலைக்கு அப்பால் சில கிலோமீட்டரில், பூங்காவின் ஓரத்தில் பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் மேல் விழுந்தது. மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லாததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. 70 பேர் போனார்கள். 66 உடல்கள் கிடைத்தன, 4 பேர் கிடைக்கவேயில்லை. மண்ணில் தேடி எடுத்தவர்களை ராஜமலையிலேயே சேர்த்து அடக்கம் செய்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் தலித்துகள். பல குடும்பங்களின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. சாத்தூரில் பஸ் ஏறினால் கோவில்பட்டி தாண்டி அடுத்த ஊர் அது.

மறுநாள் இரவு கோழிக்கோடு விமான நிலையத்தில் விமான விபத்து நடந்தது. விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம். பெட்டிமுடிக்கு அறிவித்திருந்தது 5 லட்சம். முதல்வர் கோழிக்கோட்டுக்கு மறுநாளே போனார். பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13-ல்தான் வந்தார். இந்தக் கணக்கு பட்டாசு மண்டலத்துக்காரர்களான நமக்குப் புதிதல்ல. 2012-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர், 2021-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் என்று எண்ணி எண்ணிப் பழகியவர்கள் நாம். பெட்டிமுடியில் நாட்டின் கவனத்தை ஈர்த்தது, தன் வீட்டுக் குழந்தையின் உடலைத் தேடிக் கண்டுபிடித்த 'குவி' என்ற நாய். நாயின் மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த லயங்கள் ஏன் அந்தச் சரிவின் கீழ் இருந்தன என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

லயம் கம்பெனியின் சொத்து. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் மகனோ மகளோ மருமகளோ அதே வேலையில் சேர வேண்டும். இப்படித்தான் நான்கு தலைமுறையாகியும் சொந்தமாக ஒரு சென்ட் இல்லாமல் இருக்கிறார்கள். படித்து வெளியேறலாம் என்றால் சாதிச் சான்றிதழில் முட்டுகிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். கூலிக்காரத் தாத்தாவிடம் எந்தப் பத்திரம் இருந்திருக்கும்? சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால் இங்கிருந்து தொடங்கலாம்.

அவர்களைப் பரிதாபமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். 'பொம்பிளை ஒருமை' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே விடாமல், ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். தீபாவளி போனஸுக்காக ஆலை ஆபீஸ் வாசலில் நிற்கும் நம் அக்காமார்கள் அந்தக் கதையைக் கேட்டால் வாய்பிளக்கிறார்கள். மூணாறில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்தப் பெண்கள் உட்கார்ந்த சாலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து மலையிலும் இதுதான் நடக்கிறது. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மாஞ்சோலையில் குத்தகை 2028-ல் முடிகிறது. அதற்குள் 2024-லேயே தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பும் வேலையைக் கம்பெனி தொடங்கிவிட்டது. கூலிக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போய், 1999 ஜூலை 23-ல் தாமிரபரணியில் 17 உயிர்களைக் கொடுத்தவர்கள் அந்தத் தோட்டத்து மக்கள். காட்டைக் காப்பது தேவை. மழையும் ஆறும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் காட்டைக் காக்கும் கணக்கில் முதலில் வெளியே போவது முதுவரும் பளியரும் தோட்டத் தொழிலாளியுமாகவே இருப்பது ஏன்? உள்ளே வரும் ரிசார்ட்டுகளை யார் கேட்பது?

இதையெல்லாம் ராஜமலையில் நின்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாதீர்கள். அங்கே அவர்கள் வரையாட்டைப் பார்க்கட்டும், பனியில் வாயால் புகை விடட்டும், ஐஸ்கிரீம் கேட்டு அடம் பிடிக்கட்டும். பேச வேண்டியதைப் போடி ஏற்றத்திலேயே வேனில் பேசிவிடுங்கள். பாட்டுக்கு நடுவே பத்து நிமிடம் போதும். மாலைநேரப் படிப்பகங்களில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். கயத்தாறிலோ கோவில்பட்டியிலோ சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பம் வேனில் ஒன்றாவது இருக்கும், அவர்களையே பேச விடுங்கள். மூணாறில் தேநீர்க் கடையிலோ தங்கும் இடத்திலோ தமிழ் பேசுகிறவர்களிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேளுங்கள்.

இரவிகுளத்தை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரையாடு குட்டி ஈனும் பருவத்துக்காக மூடிவிடுவார்கள். தீபாவளியை ஒட்டிப் போகிறவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. குளிர் மட்டும் இருக்கும், கைக்குழந்தைகளுக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.