மான் சுட்ட பேரன்

இரண்டு மாதங்களுக்கு முன் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தை எல்லோரிடமும் காட்டினார். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கும் அவருடைய பேரன் ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியுமாகப் பனியில் மண்டியிட்டிருக்கிறான். முன்னால், பத்துக் கிளைக் கொம்போடு ஒரு பெரிய மான் செத்துக் கிடக்கிறது.

பெரியவர் பெருமையாகத்தான் காட்டினார். "ஐயோ, அந்தக் கண்ணைப் பாருங்க மாமி!" என்றார் ஓர் அம்மாள். "நம்ம வீட்டுப் பிள்ளையா இப்படி?" என்றார் இன்னொருவர். "இங்கே சுட்டிருந்தால் ஜெயில்தான்" என்று மூன்றாமவர் சட்டம் பேசினார். பெரியவர் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காப்பி குடிக்காமலே போய்விட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றவன்தான். அந்தக் குறுகுறுப்பில் எழுதுகிறேன்.

சட்டம் பேசியவர் சொன்னதில் தவறில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மான் வேட்டை குற்றம். 1998-இல் ஜோத்பூர் அருகே வெளிமான் கொன்ற வழக்கில் ஒரு பிரபல ஹிந்தி நடிகருக்கு 2018-இல் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதை நாம் அறிவோம். அதே வெளிமானை 1930-களில் டெக்சாஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பண்ணைக்காரருக்குப் பணம் கட்டி எந்த மாதமும் சுடலாம்! ஒரே மிருகம், இங்கே சிறை, அங்கே கட்டணம். ஆகவே சட்டத்தை மட்டும் வைத்துப் பேரனை எடைபோட முடியாது.

அவன் சுட்டது வெண்வால் மான், அந்த மண்ணுக்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இறைச்சிக்கும் தோலுக்கும் சுட்டுச் சந்தையில் விற்றே அதைத் தீர்த்துவிட்டார்கள். 1900 வாக்கில் நாடு முழுவதிலும் ஐந்து லட்சம்கூட மிஞ்சவில்லை. பிறகு காட்டு இறைச்சி விற்பனையைத் தடுத்து, வேட்டைக்குப் பருவமும் அளவும் வகுத்தார்கள். 1937-இல் வந்த சட்டத்தால் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீதான 11 சதவீத வரி வனவிலங்குப் பராமரிப்புக்கே போகிறது. இன்று ஏறக்குறைய மூன்று கோடி மான்கள். ஓநாயையோ முன்பே பெரும்பாலான இடங்களில் ஒழித்துவிட்டார்கள். தின்ன ஆளில்லாத மான் கூட்டம் காட்டு மரக்கன்றுகளை மேய்ந்து தீர்க்கிறது, வயலில் இறங்குகிறது, நெடுஞ்சாலையில் கார் முன்னால் பாய்கிறது. யாரோ சுடத்தான் வேண்டியிருக்கிறது.

அங்கே யாரும் நினைத்தபோது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. துப்பாக்கிப் பருவம் விஸ்கான்சினில் ஒன்பதே நாள்; நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும். 1973 முதல் பிறந்தவர்கள் பயிற்சி வகுப்பில் தேறினால்தான் உரிமம். அந்த உரிமத்துக்கு ஓர் ஆண் மான். பெண் மானுக்கு மாவட்டவாரியாகத் தனி அனுமதி. சுட்ட மானைப் பதிவு செய்ய வேண்டும்.

முதிர்ந்த கலையைச் சுடுவது சுலபமும் அல்ல. (ஆண் மானுக்குக் கலை, பெண் மானுக்குப் பிணை என்று நம்மிடம் தனித்தனிப் பெயர் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.) நான்கைந்து வயது தாண்டிய கலை காற்றை மோப்பம் பிடித்தே நகரும். முதல் நாள் வெடிச் சத்தம் கேட்டதும் அடர்ந்த புதருக்குள் ஒடுங்கி, இருட்டிய பிறகே வெளியே வரும். இணை தேடும் நவம்பரில்தான் கொஞ்சம் புத்தி தடுமாறும். கொம்பை மட்டும் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. கழுத்து பருத்து மார்போடு ஒன்றாகத் தெரிகிறதா, வயிறு தொங்குகிறதா, உடம்பு கனத்துக் கால் குட்டையாகத் தோன்றுகிறதா என்று சில விநாடிகளில் தீர்மானிக்க வேண்டும். ஒன்றரை வயதுக் குட்டிக் கலைகளைப் போகவிட்டு இப்படி ஒன்றுக்காகக் குளிரில் நாள் கணக்காக உட்கார்ந்திருப்பவனை இரக்கமற்றவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறைச்சியை வெட்டி உறைபெட்டியில் வைத்துக் குளிர்காலம் முழுதும் சாப்பிடுகிறான். கடையில் பொட்டலமாகக் கோழி வாங்குகிற நம்மவர் அவனை என்ன கேட்க முடியும்? சைவர்கள் கேட்கலாம், அது நியாயம்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் அது வேறு. ஒரு கலை பல பிணைகளைச் சேரும். ஆகவே கலையை எத்தனை சுட்டாலும் மான் பெருக்கம் குறையாது. பிணையைச் சுட்டால்தான் குறையும். 1940-களிலேயே விஸ்கான்சின் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் இதைச் சொல்லி ஊராரிடம் திட்டு வாங்கினார். 1996 முதல் சில பகுதிகளில், முதலில் ஒரு கொம்பில்லாத மானைச் சுட்டால்தான் கொம்புள்ளதைச் சுடலாம் என்று விதி வைத்தார்கள். நல்ல விதி. வேட்டைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், 2011-இல் சட்டமன்றமே அதை எடுத்துவிட்டது. காட்டைக் காக்கச் சுடுகிறோம் என்பவர்கள் சுவரில் மாட்டக் கொம்பு தாமதமாகிறதே என்று கோபித்துக்கொண்டால் அந்தப் பேச்சை எப்படி நம்புவது? போதாக்குறைக்கு, 2002-இல் அம்மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மானை உருக்கிக் கொல்லும் மூளைநோய் வயது முதிர்ந்த கலைகளிடம்தான் அதிகம் காணப்படுகிறது. கொம்பு பெருகட்டும் என்று விட்டுவைப்பதிலும் ஒரு விலை இருக்கிறது.

இதைவிடக் கேவலம், உயர்ந்த வேலிக்குள் தீனி போட்டுக் கொம்புக்காகவே வளர்த்து, கொம்பின் அளவுக்கேற்ப விலை வைத்துச் சுடவிடும் பண்ணைகள். அதற்கு வேட்டை என்று பெயர் வைக்கக் கூடாது. பட்டியில் கட்டிய ஆட்டை வெட்டுகிறவன்கூட வீரம் பேசுவதில்லை.

பெரியவர் அதற்குப் பிறகு இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். அந்தப் படத்தை மறுபடி காட்டச் சொல்வேன். இறைச்சியைச் சோதனைக்கு அனுப்பினானா, பிணை எத்தனை சுட்டான் என்று பேரனிடம் கேட்டுச் சொல்லும்படியும் சொல்வேன்.