கேட்டைத் தாண்டும் முன் ஒரு காகிதம்

கொச்சியிலும் கேரளத்தின் பல ஊர்களிலும் 2025 செப்டம்பர் 23 அன்று சுங்கத் துறையினர் ஒரே நேரத்தில் வீடுகளிலும் கார் விற்பனையகங்களிலும் இறங்கினார்கள். சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘நும்கோர்’. பூட்டானின் சோங்கா மொழியில் அதற்கு வாகனம் என்று பொருள். பூட்டானிலிருந்து சொகுசு வண்டிகள் வரி கட்டாமல் எல்லை தாண்டி வந்தன, ராணுவம், தூதரகம் ஆகியவற்றின் பெயரில் போலிக் காகிதங்கள் தயாரிக்கப்பட்டன, இமாச்சலப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் பதிவாகி, கைமாறிக் கைமாறிக் கேரளத்துக்கு வந்து சேர்ந்தன என்பது குற்றச்சாட்டு. நடிகர்கள் துல்கர் சல்மான், பிருத்விராஜ் ஆகியோரின் வீடுகளுக்கும் அதிகாரிகள் போனார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் கைப்பற்றப்பட்டன. தன் பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டரைத் திரும்பக் கேட்டு துல்கர் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தற்காலிகமாக விடுவிப்பதைப் பரிசீலிக்குமாறு நீதிமன்றம் அக்டோபர் 7 அன்று சுங்கத் துறைக்குச் சொன்னது. மறுநாள் அமலாக்கத் துறை கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாகத் தன் பங்குக்குச் சோதனையில் இறங்கியது.

குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதை விசாரணை சொல்லட்டும். வரி ஏய்த்தவர் நட்சத்திரமானாலும் கட்டட்டும், தண்டனையும் பெறட்டும். நாம் கேட்பது வேறொன்று. வீட்டு வளாகத்துக்குள் பூட்டி நிற்கும் ஒரு வெளிநாட்டு வண்டியைப் பார்வையிட, சீருடை போட்டவர் கையில் என்ன காகிதம் இருக்க வேண்டும்? காரணம் எழுதிக் கையெழுத்திட்ட உத்தரவு இல்லாமல் எந்தத் துறையைச் சேர்ந்தவரும் கேட்டைத் தாண்டக் கூடாது, அந்தக் காரணம் உடனடியாக ஒரு மாஜிஸ்ட்ரேட்டின் மேசைக்குப் போக வேண்டும் என்பதே நம் நிலை.

‘பார்வையிடல்’ என்ற சொல் சாதுவாகத்தான் ஒலிக்கிறது. நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வண்டியின் உறையை உருவுகிறார்கள். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் டார்ச் அடித்து எண்ணைப் படிக்கிறார்கள். கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுக்கிறார்கள். பானெட்டைத் தூக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, சேசிஸில் குத்தியிருக்கும் பதினேழு எழுத்து-எண்களின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கிறார்கள். முதல் எழுத்து ‘எஸ்’ என்றால் பெரும்பாலும் பிரிட்டன், ‘டபிள்யூ’ என்றால் ஜெர்மனி, ‘ஜே’ என்றால் ஜப்பான். பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் அவர்கள் நிற்பது உங்கள் வீட்டுக்குள். கொடியில் காயும் துணியையும், திறந்து கிடக்கும் அடுக்களையையும், வாசலில் நிற்கும் பிள்ளைகளையும் பார்த்தபடிதான் அவர்கள் வண்டியையும் பார்க்கிறார்கள்.

சாலையில் கதை வேறு. பொது இடத்தில் வண்டி ஓட்டுபவர், சீருடையில் உள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு. பொது இடம் எது என்பதையும் அதே சட்டம் சொல்கிறது: பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள சாலை, தெரு, இடம். உங்கள் போர்ட்டிகோவுக்குள் வர ஊராருக்கு உரிமை இல்லை. ஆகவே ‘வண்டி புக்கை எடுத்துட்டு வா, வண்டியையும் பார்க்கணும்’ என்று எஸ்ஐ ஒருவர் வீட்டுக்குள் வந்து நின்றால், அதற்கு 130-ஆவது பிரிவு அவருக்குக் கைகொடுக்காது.

வீட்டுக்குள் வர அவருக்கு வேறு வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 185-ஆவது பிரிவாக இருக்கிறது. தனக்கு விசாரிக்க அதிகாரமுள்ள ஒரு குற்றம் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான பொருள் அந்த இடத்தில் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். தாமதமின்றி வேறு வழியில் அதைப் பெற முடியாது என்று தோன்ற வேண்டும். இவ்வளவையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எழுதியதன் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்ப வேண்டும். சோதனையை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105-ஆவது பிரிவு சொல்கிறது. அக்கம்பக்கத்து மதிப்புள்ளவர் இருவராவது சாட்சியாக நிற்க வேண்டும் என்கிறது 103. சுங்க வரி ஏய்ப்பு முதன்மையாகச் சுங்கத் துறையின் வேலை. உள்ளூர் காவல் நிலையத்தின் கைக்கு வருவது பெரும்பாலும் போலி ஆவணம், மோசடி, திருட்டு ஆகியவைதான். ‘வெளிநாட்டு வண்டி மாதிரி இருக்கிறதே’ என்பது இவற்றில் எதற்குள்ளும் அடங்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கான 213-ஆவது பிரிவை எழுதியவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது. குற்றத்தில் சிக்கிய வண்டி வைத்திருக்கும் இடத்துக்குள் போய்ச் சோதிக்க அது அனுமதிக்கிறது. ஆனால் வாரன்ட் இல்லாமல் போவதென்றால் கெஜட்டட் அந்தஸ்து உள்ள அதிகாரிதான் போகலாம். வெறும் அபராதக் குற்றம் என்றால் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் போகக் கூடாது. ஏன் வாரன்ட் வாங்கவில்லை என்று எழுதி மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். இரவில் கதவு தட்டுவதற்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டமே இவ்வளவு கூச்சப்பட்டிருக்கிறது.

கோளாறு பெரிதாக இருப்பது சுங்கச் சட்டத்தில். 1962-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 105-ஆவது பிரிவுப்படி, பறிமுதலுக்குரிய பொருள் ஓரிடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருப்பதாக உதவி ஆணையர் நம்பினால், தானே சோதிக்கலாம், கீழுள்ளவரையும் அனுப்பலாம். காவல் துறையினர் உடன் போய் உதவ வேண்டும் என்கிறது 151. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சோதனை விதிகள் இதற்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு வார்த்தையை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். நகல் போக வேண்டிய இடத்தில் ‘மாஜிஸ்ட்ரேட்’ என்பதற்குப் பதில் ‘சுங்க ஆணையர்’. அனுப்பியவரின் மேலதிகாரியிடமே கணக்கு ஒப்படைக்கப்படுகிறது. மருமகள் செய்த தவறை மாமியாரிடம் சொல்லலாம். மாமியாரும் மருமகளும் சேர்ந்து செய்ததை யாரிடம் சொல்வது?

சட்டம் மீறிச் சோதனை போட்டால் நீதிமன்றத்தில் அடிபட்டுப் போகாதா என்று கேட்கலாம். போகாது. முறைகேடான சோதனையில் கிடைத்த பொருளையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1973-இல் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வருமான வரிச் சோதனை தொடர்பான அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றும் நீங்கவில்லை. அதாவது, காகிதம் இல்லாமல் உள்ளே நுழைந்த அதிகாரிக்கு நஷ்டம் ஏதும் இல்லை. அதனால்தான் தடையைக் கேட்டிலேயே போட வேண்டும் என்கிறோம். இரவில் வீடு தேடிப் போய் ஆளைப் பார்க்கும் காவல் துறை வழக்கத்தை 1962-இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொன்னது. 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். ஆளுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு அவர் வீட்டு வாசலுக்கும் கிடைக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதே கேள்வி ஒரு மோட்டார் சைக்கிளைச் சுற்றி எழுந்தது. வர்ஜீனியா மாநிலத்தில் போலீஸாருக்கு டிமிக்கி கொடுத்துப் பறந்த ஆரஞ்சும் கறுப்புமான வண்டி, ஒரு வீட்டின் பக்கவாட்டில் வெள்ளைத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. காவலர் ஒருவர் வாரன்ட் இல்லாமல் உள்ளே நடந்து போய், தார்ப்பாயைத் தூக்கி, எண்களைக் குறித்து, மீண்டும் மூடிவிட்டு வந்தார். அது திருட்டு வண்டிதான். அவர் ஊகம் சரிதான். ஆனாலும் 2018-இல் காலின்ஸ் எதிர் வர்ஜீனியா வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, வாகனம் என்பதற்காகச் சாலையில் கொடுத்திருக்கும் சலுகை, வீட்டு முற்றத்துக்குள் நுழைய உரிமம் ஆகாது என்று. ஓடுகிற வண்டி தப்பிவிடும் என்பதால்தான் சாலையில் அந்தச் சலுகை. முற்றத்தில் உறை போர்த்தி நிற்பது எங்கே ஓடப் போகிறது?

அதே நாட்டில் 2014-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையினர் லேண்ட் ரோவர் டிஃபென்டர் வண்டிகள் நாற்பதை உரிமையாளர்களிடமிருந்து எடுத்துப் போனார்கள். இருபத்தைந்து ஆண்டுக்குக் குறைந்த வயதுள்ளவற்றைப் பழைய வண்டி போலக் காட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சந்தேகம். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டில் பல வண்டிகள் திரும்பி வந்தன. அவசரமாக எடுத்து, நிதானமாகத் திருப்பிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தோம்.

‘கோடி ரூபாய் கார்க்காரனுக்கு இவ்வளவு வக்காலத்தா?’ என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கலாம். கோபம் நியாயமானது. வெளிநாட்டில் முழுதாகத் தயாரான விலையுயர்ந்த காருக்கு இங்கே வரி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாகிப் போன வண்டியைச் சாதாரணமாக இறக்குமதி செய்யவே முடியாது. தூதரகச் சலுகை, ஆறு மாதத்தில் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்ற உறுதியோடு வரும் கார்னே அனுமதி, நாடு திரும்புவோருக்கான சலுகை என்று திறந்திருக்கும் சில சந்துகளில் பணக்காரர்கள் புகுந்து புறப்படுவதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் ஆடி காரின் கேட்டுக்கு ஒரு விதி, டிவிஎஸ் ஃபிஃப்டியின் குடிசைக்கு ஒரு விதி என்று சட்டம் எழுதப்படுவதில்லை. நடிகரின் வீட்டில் காகிதம் இல்லாமல் நுழையப் பழகிய கால்கள், கூலிக்காரரின் வாசலில் அதைத் தேடப் போவதில்லை. நடிகருக்கு உயர் நீதிமன்றம் பக்கம். கூலிக்காரருக்கு?

எந்தக் காவல் நிலையத்தின் பின்பக்கத்துக்கும் போய்ப் பாருங்கள். வேப்பஞ்சருகு மூடிய இருசக்கர வண்டிகள், டயர் மண்ணில் புதைந்த ஆட்டோக்கள், இருக்கையைக் கிழித்துக்கொண்டு முளைத்த எருக்கஞ்செடி. கைப்பற்றிய வண்டியைப் படம் எடுத்து, பிணைப் பத்திரம் வாங்கி, விரைவில் உரியவரிடம் ஒப்படையுங்கள், நிலையத்தில் மக்க விடாதீர்கள் என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எருக்கஞ்செடிக்கு அது தெரியாது.

சோதனையின் காலமும் பேசும். மத்தியக் கூட்டணி அரசுக்கு அளித்த ஆதரவை திமுக 2013 மார்ச் 19 அன்று விலக்கிக்கொண்டது. இரண்டு நாள் கழித்து, வரி ஏய்த்து இறக்குமதியான கார்களைத் தேடி மு.க.ஸ்டாலினின் சென்னை வீட்டுக்கு சிபிஐ வந்தது. அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரமே அதை ஏற்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த வழக்கின் தகுதி பற்றி நாம் பேசவில்லை. இறக்குமதி கார் என்பது, எந்தக் கேட்டையும் எந்த நாளிலும் திறக்க வைக்கக்கூடிய சாவி என்பதை அன்று எல்லாக் கட்சிகளும் பார்த்தன. பார்த்துவிட்டு மறந்தும் போயின.

ஆதாரம் அழிந்துவிடும், சேசிஸ் எண்ணை இரவோடு இரவாக ராவிவிடுவார்கள் என்று விசாரணை அதிகாரிகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் 185-ஆவது பிரிவு அவசரத்துக்குத்தான் எழுதப்பட்டது. அது கேட்பது ஒரு பக்கக் காரணம், அரை மணி நேர எழுத்து. மேலும், வீட்டுக்குப் போகும் முன் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இறக்குமதி வண்டியைப் பதிவு செய்யச் சுங்கத் துறையின் அனுமதிச் சான்று கொடுக்க வேண்டும், வண்டியையும் நேரில் காட்ட வேண்டும். ஆகவே போலிக் காகிதம் ஏதோவொரு ஆர்டிஓ அலுவலகத்தின் மேசையில், யாரோ ஒருவரின் கையெழுத்தோடுதான் உண்மையானது. அந்தக் கோப்பு எரிந்து போகவில்லை, ஓடிப் போகவும் இல்லை. அதைப் புரட்டாமல், நான்காவது கையாக வாங்கி, ஆர்சி புத்தகத்தை நம்பிப் பணம் கொடுத்தவரின் வாசலில் கேமராக்களோடு போய் நிற்பது விசாரணையை வால் பக்கத்திலிருந்து தொடங்குவதாகும்.

மத்திய அரசு சுங்கச் சட்டத்தின் 105-ஆவது பிரிவைத் திருத்தி, ‘சுங்க ஆணையர்’ என்ற இடத்தில் மீண்டும் ‘மாஜிஸ்ட்ரேட்’ என்று எழுத வேண்டும். எடுத்துப் போய் வைத்துப் பாதுகாக்க இயலாத பொருளை உரிமையாளரிடமே விட்டு, விற்கவோ நகர்த்தவோ கூடாது என்று உத்தரவிட 110-ஆவது பிரிவு ஏற்கெனவே இடம் கொடுக்கிறது. வண்டிகளைப் பொறுத்தவரை அதையே பொது வழக்கமாக்க வேண்டும். மாநிலக் காவல் துறை தன் நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்: பிற துறைக்கு உதவப் போகும் காவலர் கேட்டருகே நிற்கட்டும், அந்தத் துறையின் எழுத்துப்பூர்வ உத்தரவைத் தானும் படித்துப் பார்க்கட்டும், தனியாக எவர் வீட்டு வண்டியையும் ‘சும்மா பார்க்க’ப் போகாதிருக்கட்டும்.

அதுவரை வாசகர்களுக்கு ஒன்று. யாராவது வந்தால் வழிமறிக்காதீர்கள், வாக்குவாதம் வேண்டாம். பெயரையும் பதவியையும் கேளுங்கள், உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப்படாத மகஜரில் கையெழுத்துப் போடாதீர்கள். காவல் துறை சோதனைக்கான காரணம் எழுதிய பதிவின் நகல் வேண்டுமென்று மாஜிஸ்ட்ரேட்டிடம் விண்ணப்பியுங்கள். அந்த நகலுக்குக் கட்டணம் கிடையாது.