பரலோகம் போய் வந்த சிறுவனும் கிறிஸ்தவப் புத்தகக் கடையும்

கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கினால் சரியான புத்தகமாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். சுவரில் வசனம் எழுதிய படங்கள், கண்ணாடி அலமாரியில் வேதாகமங்கள், பின்னணியில் மெல்லிய பாட்டு... இந்த இடத்துக்குள் பொய் எப்படி வரும்? வரும். வந்திருக்கிறது. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றும் இருக்கிறது.

2004 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கார் விபத்து. காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இரண்டு மாதம் நினைவில்லாமல் கிடந்து எழுந்தான். கை கால் செயல்படவில்லை. அவன் பரலோகத்துக்குப் போய், தேவதூதர்களைப் பார்த்துத் திரும்பியதாக அவன் தகப்பனார் எழுதிய புத்தகம் 2010ல் வெளியானது. 'பரலோகத்திலிருந்து திரும்பி வந்த சிறுவன்' என்று தலைப்பு. வெளியிட்டது தெருமுனை அச்சகம் இல்லை. வேதாகம மொழிபெயர்ப்புகளுக்குப் பேர்போன டின்டேல் ஹவுஸ். 2015 ஜனவரியில் அந்தப் பையனே ஒரு திறந்த மடல் எழுதினான். தான் சாகவில்லை, பரலோகத்துக்குப் போகவுமில்லை, எல்லாரும் கவனிக்கட்டும் என்று சொன்ன கதை அது, வேதாகமம் ஒன்றே போதும் என்றான். புத்தகம் உடனே திரும்பப் பெறப்பட்டது.

அவனைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதுப் பிள்ளை, படுத்த படுக்கை. கேள்வி பெரியவர்களைப் பற்றியது. இந்தப் புத்தகத்தில் உள்ளவை சரியல்ல என்று பையனின் தாயார் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யார் காதிலும் விழவில்லை. வேடிக்கை இதோடு முடியவில்லை. 2014 ஜூனில் தெற்கத்திய பாப்டிஸ்ட் சபைகளின் மாநாடு, மறுமையைப் பற்றி அறிய வேதாகமமே போதுமானது, தனிமனித அனுபவங்களை நம்பி ஓட வேண்டாம் என்று தீர்மானமே போட்டது. அதே சபைகளுக்குச் சொந்தமான லைஃப்வே புத்தகக் கடைகளில் இந்தப் புத்தகம் அதற்குப் பிறகும் ஏழு மாதம் விற்பனையில் இருந்தது! மேடையில் தீர்மானம், கல்லாவில் பரலோகச் சுற்றுலா. பையனின் மடல் வந்த பிறகுதான் அந்த வகைப் புத்தகங்கள் கடைகளிலிருந்து முழுவதும் அகற்றப்பட்டன.

சரி, அது அமெரிக்கா, நமக்கென்ன என்று கேட்கலாம். அங்கே விளைகிறதுதான் இங்கே மொழிபெயர்ப்பாகி வருகிறது. தமிழ்க் கிறிஸ்தவக் கூட்டங்களின் வாசலில் போடும் புத்தக மேசையைச் சும்மா நின்று பார்த்தால் தெரியும். பரலோகம் கண்டவர், நரகம் கண்டவர், கடன் தீர ஜெபம், கடைசிக் கால ரகசியம். ரோமர் நிருபத்துக்கு ஒரு நல்ல விளக்கவுரை இருக்கிறதா என்று கேட்டால் மேசைக்காரர் யோசிக்கிறார். அவர்மேல் தப்பில்லை. விற்கிறதைத்தானே வைப்பார்?

தரமான நூல் தமிழில் இல்லாமல் போகவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715ல் முழுமையாக அச்சாகிவிட்டது. 1678ல் ஜான் பனியன் எழுதிய மோட்ச பிரயாணத்தை அடியொற்றி எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று ஒரு காப்பியமே செய்து 1894ல் வெளியிட்டார். பெட்போர்டு சிறையில் கிடந்தவர் எழுதிய கதையைத் திருநெல்வேலிச் சீமைக்காரர் கம்பன் வழியில் பாடினார். இப்படி ஒரு பரம்பரையை வைத்துக்கொண்டு, யாரோ கனவு கண்ட புத்தகத்துக்கு வரிசையில் நிற்கிறோம்.

புத்தகமாவது பரவாயில்லை, கையில் வைத்து இரண்டாம் முறை படித்துப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் அதுவும் முடியாது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. மத நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சேனல்காரர்கள் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை அல்ல. ஊழியக்காரர் காசு கொடுத்து வாங்கிய நேரம். அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அந்தப் பணம் பார்க்கிறவர்களின் காணிக்கையிலிருந்து வர வேண்டும். மனந்திரும்பச் சொல்லும் பிரசங்கத்துக்குக் காணிக்கை குறைவு, "இந்த மாதம் உனக்கு அற்புதம்" என்றால் அதிகம். ஒருவர் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. மாதாமாதம் வரும் பில்லே பிரசங்கத்தை எழுத ஆரம்பித்துவிடும்!

அமெரிக்காவில் இது செனட் வரை போனது. 2007 நவம்பரில் செனட்டர் சக் கிராஸ்லி, ஆறு பெரிய தொலைக்காட்சி ஊழியங்களிடம் வரவு செலவு விவரம் கேட்டார். 2011 ஜனவரியில் விசாரணை முடிந்தது. தண்டனை எதுவும் இல்லை. ஆனால் முழுமையாகப் பதில் கொடுத்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவரான பென்னி ஹின், விதைக் காணிக்கைக்கு இவ்வளவு என்று விலை வைப்பது கர்த்தருக்கு விரோதமான காரியம் என்று 2019 செப்டம்பரில் தன் வாயாலேயே சொன்னார். அதற்கு முன் பல வருடமாக அந்தக் காணிக்கையை அனுப்பியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இதை எதிர்ப்பவர்கள் விசுவாசம் இல்லாதவர்கள், படித்த திமிர் பிடித்தவர்கள் என்று உடனே ஒரு பதில் வரும். லொசேன் இயக்கத்தின் ஆப்பிரிக்க இறையியல் குழு 2008லும் 2009லும் கானா நாட்டின் அக்ரோபாங்கில் கூடி, செழிப்பு உபதேசத்தைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. கடவுள் அற்புதம் செய்வார், குணமாக்குவார் என்பதை அவர்கள் முழுக்க ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பணம் கொடுத்தால் பணம் வரும், ஆரோக்கியம் வரும் என்பது வேதாகமத்தைத் திரிப்பது என்று தெளிவாக எழுதினார்கள். வறுமையைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் அல்ல அவர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு ஓர் உதாரணம். எரேமியா 29:11 தெரியாத தமிழ்க் கிறிஸ்தவர் இருக்க மாட்டார். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை, காலண்டர், கார் கண்ணாடி எல்லாவற்றிலும் உண்டு. கர்த்தர் நமக்குச் சமாதானத்துக்கான நினைவுகளை வைத்திருக்கிறார் என்ற வசனம். தொலைக்காட்சியில் இதை எடுத்தால் அடுத்த வரி, வீடு, வேலை, வெளிநாட்டு விசா. அதற்கு முந்தின வசனத்தை யாராவது வாசிக்கிறார்களா? எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். இன்னும் ஒரு அதிகாரம் பின்னால் போனால் அனனியா என்ற தீர்க்கதரிசி நிற்கிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார் அவர். ஜனங்களுக்கு அது இனித்திருக்கும். அவர் சொன்னது பொய் என்கிறது வேதாகமம். ஆக, அனனியா மாதிரி ஆட்களுக்கு மறுப்பாக எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரியைப் பிய்த்து, அனனியாவின் பிரசங்கத்துக்கே தலைப்பாக வைக்கிறார்கள்!

எந்தப் புத்தகத்துக்கும், எந்த நிகழ்ச்சிக்கும் இதே சோதனை போதும். முந்தின வசனத்தையும் பிந்தின வசனத்தையும் வாசிக்க விடுகிறதா, இல்லையா? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தில் தேடிச் சரிபார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரம் மெச்சுகிறது. பவுலுக்கே அந்தக் கதி என்றால் சேனல் பிரசங்கியார் எதற்குக் கோபப்பட வேண்டும்? அட்டையில் இருக்கும் பதிப்பகத்தின் பெயர், முன்னுரை கொடுத்த பெரியவர், விற்ற பிரதிகள், இவை எதுவும் அந்த வேலையைச் செய்யாது. டின்டேல் விஷயத்தில் பதிப்பகத்தின் பெயரும் இருந்தது, விற்ற பிரதிகளும் இருந்தன.

ஒலிபரப்பு என்றாலே மோசம் என்று சொல்லிவிடவும் கூடாது. சேஷல்ஸ் தீவிலிருந்து ஃபெபா சிற்றலை ஒலிபரப்பு 1970 முதல் 2003 வரை இந்தியாவுக்கு வந்தது. இரைச்சலுக்கு நடுவே டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பிக் கேட்ட குடும்பங்கள் தென் மாவட்டங்களில் உண்டு. அதில் முகம் தெரியாது, மேடை விளக்கு கிடையாது, ஜனக்கூட்டத்தைக் காட்ட முடியாது. சொல்கிற விஷயம் மட்டும்தான். லாஸ் ஏஞ்சலிஸில் போதகராக இருந்த ஜே.வெர்னன் மெக்கீ 1967ல் ஒரு வானொலித் தொடர் ஆரம்பித்தார். வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி, ஐந்து வருஷத்தில் வேதாகமம் முழுக்க. லேவியராகமத்தையும் விடவில்லை, வம்ச அட்டவணைகளையும் விடவில்லை. அவர் 1988ல் இறந்தார். தொடர் நிற்கவில்லை, நூறு மொழிகளுக்கு மேல் போனது, தமிழும் அதில் ஒன்று. அவர் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. கடைசிக் காலத்தைப் பற்றிய அவர் விளக்கத்தோடு மாறுபடுகிற நல்ல இவாஞ்சலிக்கல் போதகர்களே உண்டு. ஆனால் ஐந்து வருஷம் வரிசையாகப் போகிறவர் 29:11ஐ வாசிப்பதற்கு முந்தின நிமிடம் 29:10ஐ வாசித்தே ஆக வேண்டும்.