நன்கொடையால் நிரம்பாத வகுப்பறை

ஜாங் யிமோவ் இயக்கி, 1999இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்ற ‘ஒருவர்கூடக் குறையக் கூடாது’ என்னும் சீனப் படத்தைத் துணைத்தலைப்புகளின் உதவியுடன் காண்போர் கண்கலங்குகின்றனர். சுண்ணக்கட்டியும் எண்ணித் தரப்படும் கிராமப் பள்ளி; 13 வயதுப் பதிலி ஆசிரியை; குடும்பக் கடனுக்காக நகரத்திற்கு வேலை தேடிச் செல்லும் மாணவன். தொலைக்காட்சியில் அவள் அழுததும் நன்கொடைகள் குவிகின்றன.

இதையே தீர்வெனக் கொண்டாடுவோர், முடிவில் திரையில் வரும் வாசகங்களை வசதியாக மறந்துவிடுகின்றனர். வறுமையால் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் குழந்தைகள் பள்ளியை இழக்கின்றனர். உதவி பெற்றுத் திரும்புவோர் 15 விழுக்காட்டினரே என்கின்றன அவை. எஞ்சிய 85 விழுக்காட்டினருக்காக எந்தத் தொலைக்காட்சி அழும்?

சந்தைச் சீர்திருத்தக் காலத்தில் பள்ளிச் செலவு ஏழைக் கிராமங்களின் தலையில் சுமத்தப்பட்டதன் விளைவு இது. 2007இல் சீனக் கிராமப்புறங்கள் அனைத்திலும் கட்டாயக் கல்விக் கட்டணத்தை ஒழித்தது அரசின் நிதியே, கொடையாளரின் கண்ணீரன்று.

இந்தியாவிலோ, கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு என்ற கோத்தாரி குழுவின் 1966ஆம் ஆண்டுப் பரிந்துரை இன்றும் ஏட்டளவிலேயே உள்ளது. 2020 தேசியக் கல்விக் கொள்கையோ கொடையாளர்களுக்குக் கதவைத் திறக்கிறது. பள்ளிகளுக்கு வேண்டியது நிதிநிலை அறிக்கையில் உரிய ஒதுக்கீடு. அதை வென்றெடுக்கும் போராட்டமே உழைக்கும் மக்கள் இயக்கத்தின் கடமை.