வழிப்போக்கனின் தென்னந்தோப்பு

நம் நாட்டுத் தமிழ்க் கட்டுரைகளில் ஒரு தென்னந்தோப்பு இருக்கின்றது. அது எந்த மாநிலத்தில் இருக்கின்றதென்று எழுதியவருக்கும் தெரியாது, படிப்பவரும் கேட்பதில்லை. அங்கே எந்நேரமும் தென்றல் வீசும். கீற்றுகள் ஒன்றோடொன்று இரகசியம் பேசும். முதியவர் ஒருவர் இளநீர் சீவிக் கொடுத்துக் கள்ளங்கபடமின்றிச் சிரிப்பார். பட்டணத்திலிருந்து சென்ற கட்டுரையாளர் அவ்விளநீரைப் பருகி, இயற்கை அன்னையின் மடியில் இரண்டு நாள் தலைசாய்த்து, நகர வாழ்வின் போலித்தனத்தை நொந்துகொண்டு, மூன்றாம் நாள் காலையில் காரேறி அந்த நகரத்திற்கே திரும்பிவிடுவார். திரும்பியதும் எழுதுவார். எழுதியதற்குப் பரிசும் பெறுவார்.

மாணவர் கட்டுரைகளைப் பல்லாண்டுகளாகத் திருத்திவருபவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இதுதான்: இந்தத் தோப்பை வெட்டிச் சாய்க்கவேண்டும். இது வெறும் நடைக் குற்றமன்று. நடைக் குற்றமாயின் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போய்விடலாம். இது பொய். அதிலும் மலேசியத் தமிழன் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பொய்.

மெய்யான தோப்பு எங்கே இருக்கின்றது? தெலுக் இந்தானைக் கடந்து, ஊத்தான் மெலிந்தாங் வழியாகக் கடலை நோக்கிச் செல்லுங்கள். சாலையின் இருமருங்கும் செம்பனை, அதன்பின் தென்னை, மீண்டும் செம்பனை. சாலை முடியுமிடம் பாகான் டத்தோ. 2017ஆம் ஆண்டில் பேராக்கின் தனி மாவட்டமாக ஆக்கப்பட்ட இவ்வட்டாரந்தான் தீபகற்பத்தின் தேங்காய்க் களஞ்சியங்களுள் முதன்மையானது. கடல் நீரைத் தடுக்க மண்ணணை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, சேற்று நிலத்தை மனிதக் கைகள் தோட்டமாக்கின. அணையோ மதகோ பழுதுபட்டால் உப்புநீர் உள்ளே புகுந்து நிற்கும்; மரம் உடனே சாகாது, காய்ப்புத்தான் முதலில் குறையும். 'இயற்கை அன்னை' தானாக விரித்துப்போட்ட பாயன்று அது. அன்னை அங்கே விரித்திருந்தது சதுப்பும் கொசுவும் மட்டுமே.

இனித் தொழிலைப் பாருங்கள். ஒரு தென்னையின் தலையில் பாளையும் குரும்பையும் இளநீரும் முற்றிய காயும் ஒரே நேரத்தில் இருக்கும். பூத்தது முதல் முற்றுவதற்குப் பதினொரு மாதமோ பன்னிரண்டு மாதமோ ஆகும். ஆகவே காய் பறிப்பவன் எந்தக் குலையை வெட்டவேண்டும், எதனை விடவேண்டும் என்று கீழிருந்தபடியே கண்டுகொள்ளவேண்டும். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, வெயிலை நேராகப் பார்த்துக்கொண்டு இழுக்கவேண்டும். இழுத்த கணமே விலகவேண்டும். விழுங்காய் ஆளைப் பார்த்து விழுவதில்லை. கிளந்தானில் பழக்கிய குரங்கு ஏறிப் பறிக்கும். அதனைப் படமெடுக்கப் பயணிகள் கூடுவார்கள். மேற்குக் கரையில் கம்பு பிடித்தவனைப் படமெடுக்க எவரும் கூடுவதில்லை.

பறித்தபின் உரிக்கவேண்டும். நிலத்தில் ஊன்றிய கூரிரும்பில் காயைக் குத்தி, மணிக்கட்டைத் திருகி, மட்டையைப் பிளக்கும் அவ்வேலை நாளொன்றுக்கு ஆயிரங் காய்க்கு மேல் நடக்கும். கூலி காய்க் கணக்கில். மழை பெய்து பறிப்பு நின்றால் கணக்கும் நின்றுவிடும். முன்னாளில் இதற்குமேல் கொப்பரைச் சூளை இருந்தது. உடைத்த காயைப் பரப்பி, சிரட்டையும் மட்டையும் எரித்து, புகையில் நின்று புரட்டிக் காயவைக்கவேண்டும். ஈரம் நூற்றுக்கு ஆறேழு பங்குக்குமேல் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். தீ மிகுந்தால் பருப்புக் கருகும். இரண்டிலும் விலை போய்விடும். அந்தச் சூளையின் அருகே இரவெல்லாம் கண் விழித்தவர்களுள் நம்மவரும் இருந்தனர். அவர்கள் வீசிய தென்றலைப்பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை.

கட்டுரைத் தோப்பில் விலை என்ற சொல்லே இல்லை. மெய்த்தோப்பிலோ விலையைத் தவிர வேறு பேச்சில்லை. 1990ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் தென்னை 3 இலட்சம் ஹெக்டருக்குமேல் இருந்தது. இன்று 1 இலட்சம் ஹெக்டர்கூட இல்லை. என்ன நேர்ந்தது? தேங்காயெண்ணெய் சவர்க்காரத்திற்குச் செய்த வேலையைச் செம்பனைப் பருப்பின் எண்ணெயும் செய்யும். கொப்பரையை விடச் செம்பனையில் வரவு மிகுதி, ஆள்தேவை குறைவு. தோட்ட நிறுவனங்கள் கணக்குப் பார்த்தன, மரம் சாய்ந்தது. சிறுதோட்டக்காரர் சிலர் தென்னை நிழலில் கொக்கோ நட்டுப் பார்த்தனர். எண்பதுகளின் இறுதியில் நாடு முழுதும் 4 இலட்சம் ஹெக்டருக்குப் பரவிய கொக்கோவும் காய்த்துளைப்பான் பூச்சியாலும் விலை வீழ்ச்சியாலும் தேய்ந்து, இன்று சில ஆயிரம் ஹெக்டரில் நிற்கின்றது. 2007இல் திரெங்கானுவில் சிவப்புக் கூன்வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வளவும் நடந்த நாட்டில்தான் நம் கட்டுரைகளில் கீற்றுகள் இரகசியம் பேசிக்கொண்டிருந்தன.

இதன் விளைவு நம் அடுப்படி வரை வந்துவிட்டது. நாசி லெமாக்கும் கறியும் தேங்காய்ப்பாலின்றி நடவா. ஆயினும் நம் தேவையில் ஒரு பகுதியை இந்தோனேசியாவிலிருந்து கப்பலேற்றுகிறோம். அங்கே விளைச்சல் குறைந்தாலும், வெளிநாட்டுத் தேவை ஏறினாலும், இங்கே சந்தையில் காய் கிடைப்பதில்லை. 2025இன் தொடக்கத்தில் அதைக் கண்ணாரக் கண்டோம். பண்டிகைக் காலத்தில் தேங்காய்க்கு அரசாங்கம் உச்சவிலை கட்டவேண்டியிருக்கின்றது. தேங்காய் ஏன் விலையேறிற்று என்று கேட்கும் நகரத்துப் பிள்ளைக்கு நம் பாடக் கட்டுரைகளில் விடையுண்டா?

பாகான் டத்தோப் பக்கத்தில் சில ஏக்கர் வைத்திருக்கும் தமிழர் ஒருவரிடம் நானும் ஒரு பயணியாகவே போய்ச் சேர்ந்தேன். மரங்கள் உயர்ந்து, மெலிந்து, காய் சிறுத்திருந்தன. "ஐயா, இவற்றை எடுத்துவிட்டு மறுநடவு செய்யலாமே?" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "செய்யலாம் சார். நெட்டை நட்டா ஆறேழு வருசம். மத்தாக் நட்டாலும் மூணு நாலு வருசம். அதுவரைக்கும் என்னத்தச் சாப்பிடறது?" என்றார். மத்தாக் என்பது மலாயாக் குட்டையையும் பிலிப்பீன்ஸின் தக்னானான் நெட்டையையும் இணைத்துப் பெற்ற ஒட்டு. விரைந்து காய்க்கும், நிறையவும் காய்க்கும். ஆனால் விதைக்கன்றுக்கும் உரத்துக்கும் கைமுதல் வேண்டும். அவருடைய பிள்ளைகள் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் வேலைசெய்கின்றனர். பறிக்க இந்தோனேசிய ஆள் வரவேண்டும். ஆள் வரும் நாளில்தான் பறிப்பு. வியாபாரி லாரியோடு வந்து சொன்னதே விலை. பக்கத்துத் தோட்டக்காரர் ஜாவா வழி வந்தவர், அதற்கடுத்தவர் பஞ்சார். அவர்களுக்கும் இதே கணக்குத்தான். எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார், சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பை மட்டும் எழுதிவிட்டு வந்தால் அவரை ஏமாற்றியவனாவேன்.

இங்கே ஒரு தடையை எதிர்பார்க்கிறேன். 'பயணி பார்த்ததைத்தானே எழுத முடியும்? அழகைக் கண்டு மகிழ்வது குற்றமா?' என்பர். குற்றமன்று. மாலை வெயிலில் தென்னை வரிசை வாய்க்கால் நீரில் தலைகீழாகத் தெரியும் காட்சி அழகுதான்; நானும் நின்று பார்த்தேன். ஆனால் பார்த்ததை எழுதினேன் என்பவர் மெய்யாகவே பார்த்திருக்கவேண்டும். நம் கட்டுரைகளில் வரும் தோப்பில் தரையே இல்லை, மட்டை கிடப்பதில்லை, காண்டாமிருக வண்டு குடைந்த குருத்து இல்லை. பார்த்தவர் எவரும் இவ்வளவையும் தவறவிட முடியாது. ஆகவே அவர் பார்க்கவில்லை. முன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதினார் என்பதே முடிவு.

'பயணிகள் வருவதால் கம்பத்தார்க்கு வருவாய் கிடைக்கிறதே' என்பது இன்னொரு தடை. 1995இல் பகாங் தெமர்லோ பக்கத்துத் தேசா முர்னியில் முறையாகத் தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டம் பின்னர் நாடெங்கும் பரவிற்று. விருந்தினர் தரும் பணம் பல வீடுகளுக்கு உதவுகின்றது என்பதை மறுக்கவில்லை. ஆனால் விருந்தினர்க்குக் காட்டுவதற்கென்று ஒரு மரத்தில் ஏறிக் காட்டுவது வேறு. பிழைப்புக்காகத் தோப்பு முழுதும் பறிப்பது வேறு. விருந்தினர் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை எழுதுகின்றார். அங்கேதான் என் வழக்கு.

இதிலே நமக்கு மட்டுமே உரிய வெட்கம் ஒன்று உண்டு. நாம் இத்தோப்புகளுக்கு விருந்தினராக வந்தவர்களல்லர். லயத்து வீட்டில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கங்காணிக்கும் கிராணிக்கும் பதில் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தென்னையின் பாளையைச் சீவி இறக்கிய கள், தோட்டத்துக் கள்ளுக்கடையில் நம் தாத்தாக்களின் கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்றும் கேட்டார்கள்; நாதன் நாடு கடத்தப்பட்டார். இந்த மரத்தின்கீழ் நமக்கு இவ்வளவு வரலாறு கிடக்க, அதே மரத்தடியில் நின்று, 'ஆகா, கிராம வாழ்வே வாழ்வு!' என்று பேரன் எழுதுகிறான். ஆசிரியர் 'மிக நன்று' என்று குறிக்கிறார்.

மொழியாசிரியர்கள் என்ற முறையிலேனும் நமக்கு உறுத்தவேண்டும். மூதுரையின் முதற் பாட்டே தாளால் உண்ட நீரைத் தலையால் தரும் தென்னையைப் பேசுகின்றது; அதனை ஒப்புவிக்காத தமிழ்ப்பள்ளி மாணவன் அரிது. பாவாணர் தமிழின் சொல்வளத்தைக் காட்டப் பிஞ்சு வகைகளை அடுக்கும்போது தென்னைக்கும் பனைக்கும் உரியதாகக் குரும்பையைச் சொல்லுகின்றார். கெட்ட காய்க்கும் தேரைக்காய், ஒல்லிக்காய் எனத் தனித்தனிப் பெயருண்டு. பாளை, பன்னாடை, ஈர்க்கு, கீற்று, மட்டை, சிரட்டை, வழுக்கை, நெற்று: இவை அகராதியில் பிறந்த சொற்களல்ல, தோப்பில் வேலை செய்தவன் வாயில் பிறந்தவை. வேலையை எழுதினால் இச்சொற்கள் தாமாக வரும். இயற்கை அன்னையை எழுதினால் 'பசுமை', 'இனிமை', 'எழில்' என்னும் மூன்றோடு தமிழ் முடிந்துவிடும். ஒரு தோப்பைக் குறித்து இரண்டு பக்கம் எழுதிய மாணவனுக்குப் பன்னாடை எதுவென்று தெரியாமற்போவதும், அது வசைச் சொல்லாக மட்டும் தெரிவதும், யாருடைய குற்றம்?

தேர்வைக் காரணங் காட்டுவாருமுண்டு. 'வருணனைச் சொற்றொடர்களை மனனஞ் செய்தால்தான் புள்ளி கிடைக்கும்' என்று யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலமெல்லாம் கேட்டோம். 2021இல் அத்தேர்வே எடுக்கப்பட்டுவிட்டது. சொற்றொடர்ப் பட்டியல் மட்டும் நகலெடுக்கப்பட்டு வகுப்புக்கு வகுப்பு கைமாறிக்கொண்டிருக்கின்றது. மலையோரத்துப் பள்ளியிலும் கடலோரத்துப் பள்ளியிலும் ஒரே பட்டியல். தென்னைக்கு நடுவே இருக்கும் பள்ளியின் பிள்ளையே, தன் தந்தை உரிக்கும் மட்டையை விட்டுவிட்டு, அப்பட்டியலைப் பார்த்துத் தென்னையை எழுதுகிறது. இதனினும் பெரிய கொடுமையை நான் வகுப்பறையில் கண்டதில்லை.

எழுத்தாளர் சங்கங்களின் போட்டிகளுக்கு நடுவராக அமரும் நண்பர்கட்கும் ஒரு சொல். 'நான் கண்ட கிராமம்' என்று தலைப்புக் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை, கொடுங்கள். வரும் கட்டுரையை எடுத்துக்கொண்டு சில கேள்விகள் கேளுங்கள். அந்நிலம் யாருடையது? காய் என்ன விலைக்குப் போயிற்று? பறித்தவர் எந்த ஊரார், அவருக்குக் கூலி எவ்வளவு? கட்டுரையாளர் எத்தனை மணிக்கு எழுந்தார், தோட்டக்காரர் எத்தனை மணிக்கு எழுந்தார்? இவற்றுள் ஒன்றுக்கேனும் கட்டுரையில் விடை இருக்குமாயின் அதனைத் தனியே எடுத்து வையுங்கள். அதன் நடை கரடுமுரடாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். விடையேதுமின்றித் தென்றல் மட்டும் வீசுமாயின், அது எவ்வளவு அழகாக வீசினாலும், உறையிலிட்டுத் திருப்பியனுப்பிவிடுங்கள்.