இரைச்சல் செய்து என்ன பிரயோசனம் என்று கேட்டவர்களுக்கு

நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள். பாதியில் கொமென்ட் போடாதீர்கள்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை, எழுதுகிறேன்.

என் வகுப்பில் தரம் 11 படிக்கும் ஒரு பிள்ளை. பசறைப் பக்கத்துத் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார். அந்தப் பிள்ளை ஒரு விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு கருவி செய்தாள். அலங்கார விளக்கொன்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் ஒளியியல் நார், கடையில் விற்கும் சின்ன லேசர், கறுப்பு மட்டையில் ஊசியால் குத்திய துளை, அதன் பின்னால் விரலளவு சூரியக் கலம், பழைய ஸ்பீக்கர் செட். அவ்வளவுதான். லேசரை நாருக்குள் அனுப்பி நாரைத் தட்டினால் ஸ்பீக்கரில் 'கரகர' என்று இரைச்சல் கேட்கும். மட்டையை எடுத்துவிட்டு முழு வெளிச்சத்தையும் கலத்தில் விழவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும். ஏன் அடங்குகிறது என்று அவளே விளக்கினாள். நாருக்குள் பல வழியால் வரும் ஒளி ஒன்றோடொன்று தலையிட்டுப் புள்ளி புள்ளியாக விழுகிறது. தட்டும்போது புள்ளிகள் இடம் மாறுகின்றன, மொத்த வெளிச்சம் மாறுவதில்லை. துளை இருந்தால்தான் அந்த மாற்றம் தெரியும்.

நடுவராக வந்தவர் மூன்று விடயம் சொன்னார். "இரைச்சலைக் குறைக்கத்தான் விஞ்ஞானம். இரைச்சலை உண்டாக்கி என்ன பிரயோசனம்?" என்றார். "இது பாடத்திட்டத்துக்கு வெளியே, டீச்சர் செய்து குடுத்தது" என்றார். கடைசியாக, "தோட்டத்துப் பிள்ளைகள் தேயிலைக் கழிவில பசளை செய்யலாமே" என்றார்.

வீட்டுக்கு வந்தால் நம் ஆட்களிடமிருந்து நாலாவது. "லேசர், வயர், இரைச்சல் மெஷின்... இந்தக் காலத்துல நமக்கு ஏன் வம்பு?"

நாலுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலாவது, பிரயோசனம்.

தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது ஒரு நிமிடத்தில் விளங்கும். கொழுந்து மடுவத்தில் தராசு இருக்கிறது. அந்தத் தராசு சரியா பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எடை தெரிந்த ஒரு படியைத் தூக்கி வைத்துப் பார்ப்பீர்கள். அந்தப் படி கொழுந்து இல்லை, அதில் தேத்தண்ணி ஊற்ற முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் நாள் முழுக்கப் பறித்த கொழுந்துக்கு யார் சொல்வதும் கணக்குத்தான். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிபடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் படிக்கல்லின் அருமை தெரியும்.

வானொலி, ராடார், செய்மதி வாங்கி எல்லாம் தராசுதான். அவை நிறுப்பது மின்சைகையை. ஒவ்வொரு வாங்கியும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. எவ்வளவு சேர்க்கிறது என்று அறிய, அளவு தெரிந்த இரைச்சலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தெரிந்த இரைச்சல்தான் படிக்கல். நல்ல படிக்கல் எல்லா மீடிறனிலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அதைத்தான் அகலப்பட்டை இரைச்சல் என்கிறோம்.

1964இல் அமெரிக்காவில் பென்சியாஸும் வில்சனும் ஒரு வானொலி அன்டெனாவில் போகாத இரைச்சலொன்றைக் கேட்டார்கள். புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள், போகவில்லை. அது கருவியின் பிழை இல்லை என்று அவர்கள் துணிந்து சொன்னதற்கு ஒரு முக்கிய காரணம், திரவ ஹீலியத்தில் குளிரவைத்த, அளவு தெரிந்த இரைச்சல் மூலமொன்று அவர்களிடம் இருந்தது. அதோடு வானத்தை ஒப்பிட்டார்கள். எஞ்சியது பிரபஞ்சம் பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சம். 1978இல் நோபல் பரிசு. தெரிந்த இரைச்சல் கையில் இருந்ததால்தான் தெரியாத இரைச்சல் பிடிபட்டது.

அமெரிக்கா தூரம் என்றால் கொஸ்லந்தைக்கு வாருங்கள். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை. காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. என் வகுப்புப் பிள்ளைகளின் லயன்களும் அப்படியான சரிவுகளில்தான். மழை எங்கள் மாகாணத்தில் உயிர்ப் பிரச்சினை. மழையை மேலிருந்து அளக்க, அதே வருடம் பெப்ரவரி 28இல் நாசாவும் ஜப்பானின் ஜாக்ஸாவும் ஜி.பி.எம். செய்மதியை ஏவின. அதிலுள்ள நுண்ணலைக் கதிர்மானி 10 முதல் 183 கிகாஹேர்ட்ஸ் வரை 13 வழிகளில் பூமியின் இயற்கையான இரைச்சலைக் கேட்கிறது. மழையும் மேகத்துப் பனிக்கட்டியும் அந்த இரைச்சலைக் கூட்டியும் குறைத்தும் காட்டும், அதிலிருந்து மழை கணிக்கப்படுகிறது. அந்தக் கருவியின் கீழ் மீடிறன் வழிகளில் இரைச்சல் இருவாயிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. வேலை என்ன? வேண்டுமென்றே இரைச்சலை உண்டாக்கித் தராசைச் சரிபார்ப்பது. நடுவர் ஐயா கேட்ட பிரயோசனம் இது.

இரண்டாவது, பாடத்திட்டம்.

லேசரும் நாரும் இதில் எங்கே வருகின்றன என்று கேட்பீர்கள். எளிமையாகச் சொல்கிறேன்.

சும்மா மேசையில் கிடக்கும் தடையிகூட இரைச்சல் தரும். ஜோன்சனும் நைக்விஸ்ட்டும் 1928இல் இதை அளந்தும் விளக்கியும் எழுதினார்கள். ஆனால் அது மிக மெலிது. பெருப்பிக்கப் போனால் விரியலாக்கி தன் இரைச்சலையும் சேர்க்கும், தன் எல்லைக்கு மேல் வேலையும் செய்யாது. இருவாயி இதைவிட எவ்வளவோ பலம். ஆனால் மீடிறன் ஏற ஏற அதிலிருந்து மட்டமான இரைச்சலை எடுப்பது கடினமாகிறது. நூறு கிகாஹேர்ட்ஸைத் தாண்டினால் இன்னும் கடினம்.

இங்கேதான் ஒளி உதவிக்கு வருகிறது. இரண்டு இசைக்கவைகளைக் கொஞ்சம் வித்தியாசமான மீடிறனில் ஒன்றாகத் தட்டினால் 'வோம் வோம்' என்று சத்தம் ஏறி இறங்கும். உயர்தர பௌதிகவியலில் இதற்கு அடிப்பு என்று பெயர். ஏறி இறங்கும் வேகம் இரண்டு மீடிறன்களின் வித்தியாசம். ஒளிக்கும் அதே கணக்குத்தான். தொலைத்தொடர்பு நார்களில் ஓடும் 1550 நனோமீற்றர் ஒளி ஒரு செக்கனுக்குச் சுமார் 193 இலட்சம் கோடி தடவை அதிர்கிறது. அதோடு 0.8 நனோமீற்றர் மட்டும் வித்தியாசமான இன்னொரு லேசரைச் சேர்த்து, வேகமான ஓர் ஒளி இருவாயியில் விழவிட்டால், வித்தியாசம் மட்டும் மின்னோட்டமாக வெளிவரும். அது சுமார் 100 கிகாஹேர்ட்ஸ்.

இனி, இரண்டு நிறத்துக்குப் பதிலாக இலட்சக்கணக்கான நிறங்கள் ஒன்றோடொன்று ஒழுங்கில்லாமல் வந்தால்? எர்பியம் என்ற மூலகம் கலந்த கண்ணாடி நாரை 980 நனோமீற்றர் லேசரால் தூண்டினால் அப்படியான ஒளி கிடைக்கும். 1987இல் இந்த நாரை விரியலாக்கியாகச் செய்து காட்டினார்கள், இன்று கடலடி இணையக் கேபிள்கள் ஓடுவதே அதனால்தான். உள்ளே சைகை எதுவும் அனுப்பாமல் விட்டால் நார் தானாக ஒளிர்ந்து, அந்த ஒளியைத் தானே பெருப்பித்து வெளியே தள்ளும். தொலைத்தொடர்புக்காரருக்கு அது தொல்லை. நமக்கு அதுதான் சரக்கு. ஒவ்வொரு நிறமும் மற்ற ஒவ்வொரு நிறத்தோடும் அடிப்பை உண்டாக்கும். எல்லாம் சேர்ந்து வரும் மின்னோட்டம் சுத்தமான இரைச்சல்.

1530 முதல் 1565 நனோமீற்றர் வரையான ஒளிப்பட்டையின் அகலம் மட்டும் 4,000 கிகாஹேர்ட்ஸுக்கு மேல். ஆகவே முதல் நூறு கிகாஹேர்ட்ஸில் இரைச்சலின் மட்டம் கிட்டத்தட்ட விழாது. ஒளி இங்கே தடை போடுவதில்லை, ஒளி இருவாயியின் வேகம்தான் எல்லை. அந்த எல்லையை 1990களின் பிற்பகுதியில் ஜப்பானின் என்.டி.டி. ஆய்வுகூடம் புதுவகை ஒளி இருவாயியால் நன்றாகத் தள்ளிவைத்தது. ஒளியைக் கூட்டிக் குறைத்தால் இரைச்சலும் கூடிக் குறையும்.

இன்னொரு வழி, லேசரின் ஒளியில் கொஞ்சத்தை அதற்குள்ளேயே திருப்பி அனுப்பிக் குழம்பவைப்பது. 2008இல் ஜப்பானில் உச்சிடாவும் அவர் குழுவும் அப்படிக் குழம்பிய இரண்டு லேசர்களிலிருந்து செக்கனுக்கு 170 கோடி எழுமாற்று இலக்கங்களை எடுத்தார்கள். வங்கிக் கணக்குக்கும் கடவுச்சொல்லுக்கும் பாதுகாப்புத் தருவது யாராலும் ஊகிக்க முடியாத இலக்கங்கள்தான்.

இதில் எது பாடத்திட்டத்துக்கு வெளியே? தெறிப்பு உள்ளே, தலையீடு உள்ளே, அடிப்பு உள்ளே, இருவாயி உள்ளே. நாலையும் நாலு அலகில் பாடமாக்கி, நாலையும் சேர்த்துப் பார்க்காமல் பரீட்சையோடு மறப்பதுதான் எங்கள் பழக்கம். ஒரு பிள்ளை சேர்த்துப் பார்த்தால் "டீச்சர் செய்து குடுத்தது" என்கிறோம்.

உண்மையைச் சொல்கிறேன். நான் பட்டதாரி இல்லை. கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவள். அவள் கேட்ட கேள்விகளில் பாதிக்கு எனக்கு விடை தெரியாது. இரவில் வாசித்து அடுத்த நாள் சொன்னேன். அவள் கருவி அகலப்பட்டைக் கருவியும் இல்லை. சூரியக் கலம் மந்தம், காதுக்குக் கேட்கும் மீடிறனோடு நின்றுவிடும். அதை அவளே தன் விளக்கப் பலகையில், "இக்கருவியின் குறைபாடு" என்று தலைப்பிட்டு எழுதியிருந்தாள். தன் கருவியின் குறையைத் தானே எழுதி வைத்த வேறொரு பலகையை அன்று நான் காணவில்லை. அதை ஒரு நடுவராவது வாசித்திருக்கலாம்.

மூன்றாவது, பசளை.

பசளை செய்வதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் டவுன் பிள்ளை ரோபோ கொண்டுவந்தால் "எதிர்கால இஞ்சினியர்" என்பீர்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் தேயிலைக் கழிவு. கழிவைக் கொடுத்து இதுதான் உனக்கு அளவு என்று சொல்லி அனுப்புவதற்குப் பெயர் வழிகாட்டலா? இந்தப் பிள்ளை சாதாரண தரம் முடித்தால் தமிழ்மொழியில் கணிதப் பிரிவு படிக்க எவ்வளவு தூரம் போகவேண்டும், எந்த பஸ்ஸில் போகவேண்டும் என்பது பதுளையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே பாதை நீளம். அதில் ஒரு நடுவரும் ஒரு கல்லைத் தூக்கிப் போட வேண்டுமா?

நாலாவது, நம் ஆட்களுக்கு.

"நமக்கு ஏன் வம்பு" என்பது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2019க்குப் பிறகு நாமெல்லாம் அந்தப் பயத்தோடுதான் படுத்து எழும்பினோம். அந்த மே மாதம் மஹியங்கனை வீதியில் உள்ள ஹசலக்கவில், கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு உடுத்ததற்காக ஒரு பெண்ணைப் பிடித்து இரண்டு வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் வைத்தார்கள். அது தர்மச்சக்கரம் என்றார்கள். அதை நானும் மறக்கவில்லை.

ஆனால் அதிலிருந்து நாம் எடுத்த பாடம் என்ன? சுக்கானுக்கும் தர்மச்சக்கரத்துக்கும் வித்தியாசம் தெரியாத அறியாமைதான் அந்தப் பெண்ணை உள்ளே தள்ளியது. அதற்கு மருந்து நாமும் அறியாமல் இருப்பதா? இரைச்சலைக் கொண்டு ராடாரைக் குழப்பலாம், படைகள் அதைச் செய்கின்றன, உண்மை. கத்தியாலும் கெட்டது செய்யலாம், குர்பானிக்கு நாம் கத்தியைத்தான் எடுக்கிறோம். ஒரு சின்ன லேசரும் ஸ்பீக்கரும் எதையும் குழப்பாது. அதை விளக்கிச் சொல்லத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்கு நமக்காகவும் பேசும்.

இன்னொன்று. மேடை கிடைத்தால் இப்னு அல் ஹைத்தம் என்கிறோம், ஒளியியலின் தந்தை நம்மவர் என்கிறோம். அவர் ஒளியை இருட்டறையில் துளை வழியாக விட்டுச் சோதித்தவர். ஆயிரம் வருடத்துக்குப் பிறகு பதுளையில் ஒரு தமிழ்ப் பிள்ளை கறுப்பு மட்டையில் துளை போட்டு ஒளியைச் சோதித்தாள். அவளைப் பார்த்து வம்பு என்றோம். அந்த மனிதரின் பெயரைச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவளுக்குப் பரிசு கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது முடிந்த கதை. ஆசிரியர்களிடம் கேட்கிறேன், தெரியாததைப் பிள்ளை கேட்டால் "வெளியே" என்று சொல்லாதீர்கள், "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். நடுவராகப் போகிறவர்களிடம் கேட்கிறேன், பலகையை முழுதாக வாசியுங்கள். நம் வாப்பாமாரிடமும் நானாமாரிடமும் கேட்கிறேன், பயத்தைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்காதீர்கள்.

நேற்று அவள் பாடசாலைக்கு வந்தாள். கோபித்துக்கொண்டு கருவியைப் பிரித்திருப்பாள் என்று நினைத்தேன். பிரித்துத்தான் இருந்தாள். "டீச்சர், சூரியக் கலத்துக்குப் பதிலா பழைய ரிமோட் செட்டில இருக்கிற ஒளி இருவாயியப் போட்டா இன்னும் வேகமாக் கேக்கும் தானே?" என்றாள்.

கேட்கும் மகள். போடு.

பகிர விரும்புகிறவர்கள் பகிருங்கள். பழுதான டிவி, ரேடியோ வீட்டில் கிடந்தால் குப்பையில் போடாமல் உங்கள் ஊர்ப் பாடசாலை விஞ்ஞான அறைக்குக் கொடுங்கள்.